வெள்ளியும் அதன் இரு சாயல்களும்

நிழற்படக் கலையைப்பற்றி எழுதப் புகுவோர் பெரும்பாலும் கருவியைப்பற்றியே எழுதுகின்றனர். கண்ணாடி வில்லையின் கூர்மை, ஒளி விழுந்த நேரம், படம் பிடித்தவரின் பார்வை என்று இவற்றோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. நெகட்டிவிலிருந்து தாளில் இறங்கிய படத்திற்கு இருட்டறையில் நேர்வன யாவை என்பதையும், சுவரில் மாட்டப்பெற்ற பின் ஐம்பது ஆண்டுகளில் அதற்கு நேர்வன யாவை என்பதையும் எண்ணிப் பார்ப்பவர் சிலரே. யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள் அவ்விரண்டையும் சார்ந்தது. கறுப்பு வெள்ளைப் படத்தை இரசாயன நீர்மங்களில் தோய்த்து, அதன் நிழற்பகுதிகளுக்கு ஒரு சாயலும் ஒளிப்பகுதிகளுக்கு மற்றொரு சாயலும் உண்டாகச் செய்யும் முறையை இருட்டறையில் பழகியவர் 'ஸ்பிளிட் டோனிங்' என்பர். இரட்டைச் சாயலூட்டல் என்று யாம் அதனை வழங்குவோம். இதனை வீண் ஒப்பனையென்று தள்ளுவாரும் உளர். பழமைக் கோலமென்று கொண்டாடுவாரும் உளர். இரு திறத்தாரும் பொருளின் நடுப்பகுதியைத் தவறவிட்டனர் என்பது எமது கருத்து.

தள்ளுவோர் கூற்றை முதலில் ஆராய்வோம். கறுப்பு வெள்ளைப் படம் கறுப்பாகவும் வெள்ளையாகவும் இருத்தலே நேர்மை. அதற்கு மேல் நிறமேற்றுதல் பொய் என்பது அவர் வாதம். கேட்பதற்கு இது நன்றாகவே இருக்கின்றது. ஆனால் சாயலூட்டாத படத்தில் காணும் கறுப்பு ஒரே கறுப்பன்று என்பதை இரண்டு தாள்களை அருகருகே வைத்துப் பார்த்தவர் எவரும் அறிவர். புரோமைடுத் தாளில் வரும் கறுப்பு சற்றே குளிர்ந்து நீலத்தின் பக்கம் சாயும். குளோரோபுரோமைடுத் தாளில் வரும் கறுப்பு கபிலத்தின் பக்கம் சாயும். தாளில் படியும் வெள்ளித் துகளின் பருமனும் வடிவுமே இவ்வேறுபாட்டிற்குக் காரணம். ஆகவே சாயலற்ற வெள்ளிப்படம் என்பதொன்று உலகில் இல்லை. தாள் செய்தவன் தெரிந்தெடுத்த சாயலை வாய்பேசாது ஏற்றுக்கொள்வதற்கும், படம் செய்பவன் தானே ஒரு சாயலைத் தெரிந்தெடுப்பதற்கும் உள்ள வேற்றுமையே இங்கு உளது. முன்னதை நேர்மையென்றும் பின்னதைப் பொய்யென்றும் கூறுவது பொருந்தாது.

நிற்க. சாயலைக் காட்டிலும் பெரிய காரியம் ஒன்று இதில் அடங்கியிருக்கின்றது. நாம் படமென்று காண்பது, ஜெலட்டின் என்னும் பசைப்படலத்தில் சிக்கிக் கிடக்கும் மிக நுண்ணிய உலோக வெள்ளியே. வீட்டில் உள்ள வெள்ளிக் கிண்ணம் எக்காரணங்களால் கறுக்கின்றதோ அக்காரணங்களே படத்தையும் தாக்குகின்றன. கிண்ணத்திற்குத் துலக்குவார் உண்டு. படத்திற்கு அது இல்லை. காற்றில் உலவும் ஓசோன், புதிய வண்ணப்பூச்சுகளும் மரப்பலகைகளும் வெளிவிடும் பெராக்ஸைடுகள், கந்தகம் கலந்த புகை, இவற்றுக்கெல்லாம் துணைநிற்கும் ஈரக்காற்று ஆகியவை வெள்ளியை அயனியாக்கி அதனிடத்தினின்று பெயர்க்கின்றன. பெயர்ந்த வெள்ளி படத்தின் மேற்பரப்புக்கு வந்து கண்ணாடிபோற் பளபளக்கும். அல்லது கந்தகத்தோடு கூடி மஞ்சளிக்கும். பழைய குழுப்படங்களைச் சாய்த்துப் பிடித்தால் கரிய மேலங்கிகளின்மீது நீலமும் வெள்ளியுமாக ஒரு மினுமினுப்புத் தோன்றுவதையும், வெள்ளை வேட்டியின் மடிப்புகளும் முகத்தின் மெல்லிய நிழல்களும் மறைந்து வெறுந்தாளாகிவிட்டதையும் வாசகர் கண்டிருப்பர். முதலில் அழிவன ஒளிப்பகுதிகளே. அங்கு வெள்ளி சிறிதளவே உள்ளதாகலின், சிறிது போனாலும் எல்லாம் போனதாகும். முகமென்பது பெரும்பாலும் அப்பகுதியிலேயே அமைகின்றது என்பதை மறத்தலாகாது.

இந்தக் கவலை புதியதன்று. லண்டன் நகரத்து நிழற்படச் சங்கத்தார் 1855ஆம் ஆண்டிலேயே படங்கள் மங்குவதன் காரணத்தை ஆராய ஒரு குழு அமைத்தனர். விக்டோரியா இராணியின் கணவராகிய ஆல்பர்ட் இளவரசர் அதற்கு 50 பவுன் உதவினார். போதிய அளவு கழுவாமையால் தாளில் தங்கிய ஹைப்போவும், காற்றிலுள்ள கந்தகமும், ஈரமுமே குற்றவாளிகள் என்று அக்குழு கண்டது. தங்க உப்பில் தோய்த்த படங்கள் நிலைத்து நிற்கின்றன என்றும் கூறியது. அதே பத்தாண்டில், 1858இல், சென்னை அரசாங்கத்தின் படக்காரராயிருந்த லின்னேயஸ் டிரைப் மதுரையிலும் தஞ்சையிலும் எடுத்த கோயிற் படங்கள் இன்றும் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் உள்ளன. அக்காலத்துப் படங்களுள் எத்துணையோ வெறும் மஞ்சட்டாள்களாகி ஒழிந்தன.

ஈண்டு ஒரு வியப்பு உண்டு. படத்தை அழிக்கும் குற்றவாளியென்று 1855இல் தீர்ப்புப் பெற்ற கந்தகமே, இன்று அதனைக் காக்கும் பொருள்களுள் முதன்மையானது. முரணாகத் தோன்றும் இதனுள் முரண் இல்லை. காற்றிலிருந்து மெல்ல வரும் கந்தகம், ஏற்கெனவே சிதைந்து பரந்துபோன வெள்ளியைப் பற்றி, வலுவற்ற மஞ்சட் கறையாக்குகின்றது. இருட்டறையில் நாம் செய்வதோ வேறு. வெள்ளி தன் இடத்தில் திண்மையாக இருக்கும்போதே, அவ்விடத்திலேயே அதனை வெள்ளி ஸல்பைடாக மாற்றிவிடுகின்றோம். வெள்ளி ஸல்பைடு எளிதில் அயனியாகாத பொருள். கந்தகம் வந்து கெடுக்குமோ என்னும் அச்சமும் அதற்கு இல்லை. அது தான் அடையக்கூடிய கதியை முன்னரே அடைந்துவிட்டது.

ஸெபியா என்று பெயர் பெற்ற கபிலச் சாயல் இதுவே. முதலில் பொட்டாஸியம் பெர்ரிஸயனைடும் பொட்டாஸியம் புரோமைடும் கலந்த நீரில் படத்தை இட்டால், வெள்ளி புரோமைடாக மாறிப் படம் வெளிறும். இதனை ப்ளீச் என்பர். மஞ்சள் நீங்கும்வரை கழுவியபின், தயோயூரியாவும் ஸோடியம் ஹைட்ராக்ஸைடும் கலந்த நீரில் இட்டால், மறைந்த உருவம் கபிலமாக மீண்டு வரும். ஹைட்ராக்ஸைடு மிகுந்தால் கபிலம் கருமையுறும், குறைந்தால் மஞ்சட்பாங்காகும். முற்காலத்தார் ஸோடியம் ஸல்பைடைக் கையாண்டனர். அழுகிய முட்டையின் நாற்றத்தால் வீட்டார் அனைவரையும் வெளியேற்ற வல்லது அது. பயன்படுத்தாத தாள்களையும் மூட்டமிட்டுக் கெடுக்கும். தயோயூரியாவுக்கு அத்தீமை இல்லை.

மற்றொரு டோனர் செலீனியம். இது ப்ளீச் வேண்டாது நேரே வெள்ளியைப் பற்றி வெள்ளி ஸெலீனைடாக்கும். நீர்த்து வைத்தால் நிறம் அதிகம் மாறாது. தாளின் பச்சைச் சாயை நீங்கிக் கறுப்பு ஆழம் பெறும். அமெரிக்க நாட்டு ஆன்ஸெல் ஆடம்ஸ் இவ்வளவையே விரும்பித் தம் படங்களுக்குச் செய்தார். வலிமையாக வைத்தால், குளோரோபுரோமைடுத் தாளில் நிழற்பகுதிகள் முதலிற் செம்மை கலந்த கபிலமாகும். ஒளிப்பகுதிகள் பழைய குளிர்ந்த சாம்பல் நிறத்திலேயே நிற்கும். அந்நிலையில் படத்தை எடுத்துவிட்டால் இரட்டைச் சாயல் கிடைக்கும். பலர் இரட்டைச் சாயலென்று அறிந்தது இதனை மட்டுமே.

இதில்தான் எமது மாறுபாடு தொடங்குகின்றது. செலீனியத்தால் மட்டும் பிரித்த படம் கண்ணுக்கு இனியது. ஆயின் அதன் அழகு முழுமையின்மையால் வந்த அழகு. நிழல் மாறியது, ஒளி மாறவில்லை. மாறாத ஒளிப்பகுதி பாதுகாப்பற்ற வெறும் வெள்ளியாகவே நிற்கின்றது. அழிவு முதலில் வந்து தொடுவதும் அப்பகுதியையே. வலியவனுக்குக் கவசம் அணிவித்து மெலியவனை வெறுமேனியாகப் போருக்கு அனுப்பியதை ஒக்கும் இது. இஃது எம் ஊகம் அன்று. 1960களின் தொடக்கத்தில் அமெரிக்க நாட்டின் ஆவணக் களஞ்சியங்களில் நுண்படச் சுருள்களில் செந்நிறப் புள்ளிகள் தோன்றி அறிஞரைக் கலக்கின. பின்னர், 1985இல் ராச்செஸ்டர் நகரில் தோன்றிய இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் என்னும் ஆராய்ச்சி நிலையத்தார் அச்சுருள்களைக் காக்கும் வழியை ஆராய்ந்தபோது, வழக்கமான செலீனியத் தோய்ப்பு அடர்ந்த பகுதிகளைக் காத்தாலும் மெலிந்த பகுதிகளைப் போதிய அளவு காக்கவில்லை என்றும், கந்தகத் தோய்ப்பே அவற்றுக்குப் பொருத்தமானது என்றும் கண்டனர். ஒரு தலைமுறை முழுதும் 'செலீனியத்தில் ஒரு முக்கு முக்கினால் போதும்' என்று நம்பியிருந்த படக்காரருக்கு இது கசப்பான செய்தியே.

இனி, கந்தகத்தின் இயல்பை நோக்குவோம். நீர்த்த ப்ளீச் எல்லாப் பகுதிகளையும் ஒருங்கே தாக்கினாலும், வெள்ளி குறைந்த ஒளிப்பகுதியில் வேலை முதலில் முடிகின்றது. வழக்கமான வலிமையைப் பத்தில் ஒன்றாக்கிக்கொண்டு, சில விநாடிகளிலோ ஓரிரு நிமிடங்களிலோ படத்தை எடுத்துவிட்டால், மெல்லிய சாயைகள் மட்டும் மறைந்து நிழல்கள் வெள்ளியாகவே நிற்கும். தயோயூரியாவில் இட்டவுடன் ஒளிப்பகுதிகள் இளங்கபிலமாக மீளும். அதன்பின் நன்றாகக் கழுவிச் செலீனியத்தில் இட்டால், எஞ்சிய வெள்ளியாகிய நிழற்பகுதிகளை அது பற்றிக்கொள்ளும். கந்தகம் மேலிருந்து கீழ்நோக்கி வருகின்றது. செலீனியம் கீழிருந்து மேல்நோக்கி வருகின்றது. இரண்டும் நடுத்தரச் சாயைகளில் சந்திக்கின்றன. ஒன்று விட்டதை மற்றொன்று எடுத்துக்கொள்கின்றது. ஆதலின், இவ்விரண்டையும் சேர்த்துச் செய்த படத்தில் அழகும் காப்பும் ஒரே செய்கையின் இரு பயன்களாகின்றன. இரட்டைச் சாயலூட்டலை ஒப்பனையென்று இகழ்வோர் இதனைச் சிந்திக்க வேண்டும் என்பதே எமது வேண்டுகோள்.

வரிசையை மாற்றிச் செய்வாரும் உளர். முதலில் செலீனியத்தில் இட்டு நிழல்களை மாற்றிவிட்டால், மாறிய பகுதி பின்வரும் ப்ளீச்சுக்கு எளிதில் இணங்காது. ஆகவே ப்ளீச் எவ்வளவு நேரம் நின்றாலும் நிழலைத் தின்றுவிடும் என்னும் அச்சம் குறைவு. புதிதாகப் பயில்வோர்க்கு இவ்வழி எளிது. எமக்கோ கந்தகம் முந்தும் வழியே உகந்தது. ப்ளீச் செல்லும் தொலைவைக் கண்ணாற் கண்டு நிறுத்தும் அந்தச் சில விநாடிகளில்தான் படம் செய்பவனின் தீர்ப்பு வேலை செய்கின்றது. ஒன்று மட்டும் நினைவிற்கொள்ள வேண்டும். தயோயூரியாவில் உருவம் முழுதும் மீண்ட பின்னரே செலீனியத்திற்குச் செல்லுதல் வேண்டும். விற்பனையில் உள்ள செலீனிய டோனரில் ஹைப்போ இனத்து உப்பு ஒன்று கலந்திருத்தலால், மீளாது நின்ற புரோமைடை அது கரைத்துவிடும். கரைந்த ஒளிப்பகுதி பின்னர் எந்த மருந்துக்கும் திரும்பாது.

தங்கத்தைப்பற்றி ஓரிரு சொற்கள். பாதி கந்தகமூட்டிய படத்தைத் தங்க டோனரில் இட்டால், கபிலமான ஒளிப்பகுதி மாந்தளிர்போற் செம்மைகொள்ளும். வெள்ளியாய் நின்ற நிழல் நீலம் பாயும். ஒரே மருந்து இரு பகுதிகளில் இரு வேறு நிறங்களைத் தருவது காண்பதற்கு இனிய காட்சி. பாதுகாப்பும் உண்டு. விலை ஒன்றே தடை. தங்கத்தின் விலையை யாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

இரும்பு நீலமும் செம்பு டோனரும் வேறு இனம். இரும்பு டோனரால் தோன்றுவது பிரஷ்ய நீலம் என்னும் சாயப்பொருள். சற்றே காரத்தன்மையுள்ள குழாய் நீரில் அதிகம் கழுவினாலே அது வெளிறிப்போகும். செம்பு டோனர் அழகிய செந்நிறம் தரினும், சாயலூட்டாத வெள்ளியைக் காட்டிலும் அப்படம் விரைவில் கெடும். விளம்பரச் சித்திரத்திற்கும் விளையாட்டுக்கும் இவை ஆகட்டும். பேரப்பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்று வைக்கும் படத்திற்கு இவற்றைக் கொணர்தல் அறியாமையாகும். எல்லா டோனரும் காக்கும் என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்ற கைந்நூல்கள் இவ்விஷயத்தில் நன்மை செய்யவில்லை.

இனிக் கொண்டாடுவோர் பக்கம் திரும்புவோம். கணிப்பொறித் திரையில் ஒரு தொடுதலால் படத்தைக் கபிலமாக்குவது இப்பொழுது சிறுவரும் செய்யும் செயல். லைட்ரூம் என்னும் பெயர்பெற்ற மென்பொருளில் இருட்டறையின் பெயராலேயே 'ஸ்பிளிட் டோனிங்' என்றொரு பகுதி இருந்தது. 2020இல் அதன் பெயரையும் மாற்றி 'கலர் கிரேடிங்' என்றாக்கினர். அப்பெயர் மாற்றத்தை யாம் வரவேற்கின்றோம். திரையில் நடப்பது நிறம் மாற்றுதலேயன்றித் தோய்த்தலன்று. அங்கே ஏற்றும் கபிலம், நேற்று எடுத்த படத்தைத் தாத்தா காலத்துப் படம்போல் வேடம் கட்டுவிக்கின்றது. இருட்டறையிலோ கபிலம் என்பது வெள்ளி தன் இயல்பு மாறி அழிவைத் தாண்டிவிட்டதன் அறிகுறி. ஒன்றில் அந்நிறம் முதுமையின் வேடம். மற்றதில் அது முதுமைக்கு எதிரான மருந்து. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்து மயங்குவது மாணவருக்குத் தகாது. திரையிற் செய்வதைக் குறைகூறுவது எம் நோக்கமன்று. அதற்குரிய பயன் அதற்கு உண்டு.

எல்லாப் படங்களும் இரட்டைச் சாயலைத் தாங்குமோவெனின், தாங்கா. கண்ணின் இயல்பால் வெம்மையான நிறம் முன்வருவதுபோலவும் குளிர்ந்த நிறம் பின்செல்வதுபோலவும் தோன்றும். ஆதலின் பாறை, மரவேர், கல் மண்டபத்தின் தூண் வரிசை, பனிமூடிய மலைச்சரிவு ஆகியவற்றில் இச்சாயல்கள் ஆழத்தை மிகுவிக்கின்றன. மனித முகத்தில் மிக்க கவனம் வேண்டும். இரு நிறங்களும் பிரியும் எல்லை கன்னத்தின் நடுவே வந்து விழுந்தால், படத்திலுள்ளவர் நோயுற்றவர்போல் தோன்றுவார். குடும்பத்தார் அதனை மன்னிக்கமாட்டார். முகங்களுக்கு மருந்தை நீர்த்து, நிற வேற்றுமை இருக்கின்றதோ இல்லையோ என்று ஐயுறும் அளவில் நிறுத்துதலே அறிவுடைமை. ஈரத்தில் காணும் நிறம் வேறு, உலர்ந்தபின் காணும் நிறம் வேறு என்பதும், மின்விளக்கின் மஞ்சள் ஒளியில் கபிலத்தை மதிப்பிடலாகாது என்பதும் பயின்றோர் அறிந்தவை. தோய்க்காத படமொன்றை நீரில் நனைத்து அருகே வைத்துக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்ல வழக்கம்.

இத்தனைக்கும் வேண்டும் தாள் எங்கே என்று கேட்பாரும் உளர். கேள்வி நியாயமானதே. உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்று 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 'இந்து' என்னும் பெயரில் படச்சுருளும் புரோமைடுத் தாளும் செய்து நாடெங்கும் அனுப்பி வந்தது. நம் நாட்டுப் படக்கூடங்கள் பலவற்றின் கல்யாணப் படங்களும் கலாசாலைகளின் குழுப்படங்களும் நீலகிரியில் பூசிய அந்த வெள்ளியாலேயே ஆயின. அவ்வாலை இன்று மூடப்பட்டுக் கிடக்கின்றது. கோடக் கம்பெனியாரும் 2005இல் கறுப்பு வெள்ளைத் தாள் செய்வதைக் கைவிட்டனர். ஆயினும் இங்கிலாந்தில் இல்போர்டாரும், செக் நாட்டில் போமா கம்பெனியாரும் இன்றும் நல்ல தாள் செய்கின்றனர். கப்பலேறி வருதலால் விலை மிகும். விலை மிகுந்த தாளில் செய்த படத்தைக் காவாது விடுதல் இன்னும் பெரிய செலவு.

கலாசாலைகளுக்கு யாம் கூறத் துணிவது இதுவே. ஆண்டுதோறும் வெளியேறும் வகுப்பினரின் குழுப்படம் இப்போது பெரும்பாலும் கணிப்பொறியிலேயே தங்கிவிடுகின்றது. அவற்றுள் ஆண்டுக்கு ஒன்றையேனும் வெள்ளித் தாளில், பிளாஸ்டிக் பூச்சில்லாத பைபர் தாளில், அச்சிட்டு, இரு தொட்டிகளில் ஹைப்போ இட்டு, ஒரு மணி நேரம் கழுவி, கந்தகத்திலும் செலீனியத்திலும் தோய்த்து, நூல்நிலையத்தில் அமிலமற்ற பெட்டியில் வைத்தல் வேண்டும். சுவரில் மாட்டுவதற்கு வேறொரு பிரதி போதும். இரசாயன வகுப்பு மாணவர்க்கு இதனினும் சிறந்த செய்முறைப் பாடம் கிடைப்பது அரிது. ஆக்ஸிஜனேற்றமும், ஒடுக்கமும், கரையாமையும் புத்தகத்தின் எழுத்துகளாக நில்லாமல், தம் தோழரின் முகங்களாகவே கண்முன் மறைந்து மீளக் காண்பர். ஆனால் சுவரில் மங்கிக் கிடக்கும் பழைய படங்களைக் கழற்றி டோனரில் இடலாம் என்று எவரும் எண்ணற்க. மங்கிய மூலப்படத்தை மருந்தில் இடுவது மீளா அழிவிற்கு வழியாகும். அவற்றை நகலெடுத்துப் புதுப்பிரதிக்கே தோய்ப்புச் செய்தல் முறை.

மருந்துகளின் நஞ்சை மறைத்துப் பேசலாகாது. செலீனியம் தோலின்வழியும் மூச்சின்வழியும் தீங்கு செய்யவல்லது. தயோயூரியா புற்றுநோய்க்குக் காரணமாகலாம் என்னும் ஐயத்திற்கு உள்ளானது. பெர்ரிஸயனைடு தன்னளவில் பெருங்கேடு செய்யாதெனினும் வலிய அமிலத்தோடு சேரின் நச்சுக் காற்றை விடும். கையுறையும், திறந்த சன்னலும், ஆசிரியரின் மேற்பார்வையும் இன்றி எவரும் இதில் இறங்கலாகாது. பயன்பட்ட செலீனிய நீரைக் கிணற்றருகிலோ வாய்க்காலிலோ ஊற்றுதல் பெருங்குற்றம். அதனை ஊற்றவேண்டிய தேவையும் பெரும்பாலும் எழுவதில்லை. வடிகட்டிப் புட்டியில் அடைத்து, வலிமை குன்றும்போது சிறிது புதுமருந்து சேர்த்துப் பல ஆண்டுகள் கையாள்வோர் பலர்.

படம் உலர்ந்தபின் அதன் பின்புறத்து ஓரத்தில், மென்மையான பென்சிலால், தாளின் பெயரையும், ப்ளீச்சில் நின்ற விநாடிகளையும், ஒவ்வொரு டோனரின் அளவையும், ஆண்டையும், படத்திலுள்ளோர் பெயரை இடமிருந்து வலமாகவும் எழுதி வைத்தல் வேண்டும். மை ஊடுருவும், பந்துமுனைப் பேனா முன்புறத்தில் வடுவாகத் தெரியும்.